எங்கே விழும்?: ஒரு மாதிரி ரொக்கெட்டைக் கட்டுவதும் ஏவுவதும்

கனடாவின் வான்பறப்பு ஒழுங்குவிதிகளில் 'மாதிரி ரொக்கெட்' என்பதற்கு ஒரு வரைவிலக்கணம் இருக்கிறது. அதிலுள்ள மோட்டார்களின் மொத்தக் கணத்தாக்கு 160 நியூற்றன் செக்கனைத் தாண்டக்கூடாது. மோட்டாரோடு சேர்த்து மொத்த நிறை 1500 கிராமுக்கு மேற்படக்கூடாது. மூன்றாவதாக, இறங்கும் வேகத்தைக் குறைக்க ஒரு பரசூட்டோ அதுபோன்ற வேறொரு அமைப்போ அதில் இருக்கவேண்டும். அதாவது, மெதுவாக இறங்க வழியில்லாத ஒன்று சட்டத்தின் கண்ணில் மாதிரி ரொக்கெட்டே இல்லை.

இந்த மூன்றாவது நிபந்தனையை நான் இரண்டு தரம் வாசித்தேன். என்னைப்போல வன்னியில் வளர்ந்தவர்களுக்கு ரொக்கெட் என்ற சொல் பாடப்புத்தகத்தில் இருந்து வந்ததல்ல. மல்ரிபரலின் தொடர்ச்சியான இரைச்சலோடும், ஆர்பிஜி என்ற மூன்று எழுத்தோடும் வந்தது. மேலே போகிற ஒன்று முழுதாகத் திரும்பி வரவேண்டும், வராவிட்டால் அது பிழை என்று சொல்கிற ஒரு சட்டம் இருப்பது எனக்குப் புதினமாக இருந்தது.

13 வயதான என் மகள் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியதால் நானும் இறங்கவேண்டி வந்தது. சிறிய ரொக்கெட்டுகளை அவள் பள்ளிக்கூடத்தில் செய்துவிட்டாள். அடுத்த கட்டம் 'மிட் பவர்' எனப்படும் நடுத்தர வலுவுள்ளவை. அதற்கு வீட்டில் ஒரு பெரியவர் கூட நிற்கவேண்டும். புலம்பெயர்ந்த நாடுகளில் உள்ள எங்கள் வீடுகளில் பிள்ளைகள் இப்படி ஏதாவதைக் கேட்கும்போது, அதே வீட்டின் அடுத்த அறையில் செல்லடிக்குத் தப்பி வந்த ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் என் அம்மா இருக்கிறார். எனவே இதைக் கட்டுவது எப்படி, பறப்பது எப்படி என்பதோடு, அந்த அறையில் இருப்பவருக்கு எதைச் சொல்லவேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதற் சிக்கல் சொல்லிலேயே தொடங்கியது. ரொக்கெட்டுக்குள் வைக்கிற எரிகுழலுக்கு 'மோட்டார்' என்று பெயர். மகள் தொலைபேசியில் தோழியோடு "மோட்டார் இன்னும் வரேல்லை, அடுத்த கிழமைதான் வரும்" என்று கதைத்ததைக் கேட்ட அம்மா என்னிடம் வந்து, "என்ன பிள்ளை, மோட்டாரோ? ஆர் அனுப்பினம்?" என்று கேட்டார். எங்கள் பத்திரிகைகளில் முப்பது வருடமாக 'மோட்டார் தாக்குதல்' என்றுதான் எழுதி வந்தார்கள். ஆங்கிலத்தில் இரண்டு வேறு சொற்கள், தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடுகின்றன. நான் அம்மாவுக்கு வீட்டில் கிடந்த ஒரு பழைய வெற்றுக் குழலைக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். கட்டைவிரலை விடக் கொஞ்சம் மொத்தம். மணந்து பார்த்தார். "வாண வெடி மணம்தான்" என்றார். பிறகு அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு: "இது எங்க விழும்?"

இந்தப் பொழுதுபோக்கு ஏன் தொடங்கியது என்று பார்த்தால் அதுவும் ஒருவகையில் காயப்பட்ட பிள்ளைகளின் கதைதான். 1957 ஒக்ரோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணுக்கு அனுப்பியபோது அமெரிக்கப் பையன்கள் பலர் தங்கள் வீட்டுப் பின்வளவுகளில் தாங்களாகவே உந்துபொருள் கலந்து, இரும்புக் குழாய்களில் அடைத்துக் கொளுத்தினார்கள். விரல்களும் கண்களும் போயின. அதற்குச் சில வருடங்கள் முன்னரே, 1954இல், நெப்ராஸ்கா மாநிலத்தின் நோர்போக் நகரில் சப்பாத்துக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் என்பவர் மட்டையாலும் இலேசான மரத்தாலும் ஒரு சிறிய ரொக்கெட்டைச் செய்திருந்தார். வாணவேடிக்கையில் அவருக்கு ஈடுபாடு. அவருடைய சகோதரர் மாதிரி விமானங்கள் பறக்கவிடுபவர். இரண்டு கலையும் சேர்ந்தபோது, எரிந்து முடிந்த குழலைக் கழற்றிப் புதியதைப் போட்டுத் திரும்பத் திரும்பப் பறக்கவிடும் ரொக்கெட் பிறந்தது. வைற் சான்ட்ஸ் ஏவுதளத்தில் வேலைசெய்த ஹரி ஸ்ரைன் என்பவர் பையன்களின் விபத்துகளைப் பற்றி ஒரு சஞ்சிகையில் எழுதியதைப் பார்த்து, கார்லைல் அவருக்குத் தன் மாதிரிகளை அனுப்பினார். தேசிய ரொக்கெட் சங்கம் 1957இல் உருவானது. இந்தக் குழல்களை இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் செய்யும் வழியை வேர்ன் எஸ்ரஸ் என்பவர் அடுத்த சில வருடங்களில் கண்டுபிடித்தார்.

இவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்த முடிவு ஒன்றுதான்: பிள்ளையின் கை உந்துபொருளைத் தொடக்கூடாது. அது தொழிற்சாலையில் நிரப்பி அடைக்கப்பட்டு வரவேண்டும். உடல் மட்டை, மரம், பிளாஸ்ரிக் போன்ற உடையக்கூடிய பொருட்களால் ஆகவேண்டும். உலோகம் கூடாது. அந்தச் சங்கத்தின் பாதுகாப்பு விதிகளில் வேறு இரண்டு வாசகங்களும் உண்டு. ஒன்று, எந்த இலக்கையும் நோக்கி ஏவமாட்டேன் என்பது. மற்றது, எரியக்கூடிய, வெடிக்கக்கூடிய எதையும் ரொக்கெட்டில் ஏற்றமாட்டேன் என்பது. அம்மாவுக்கு நான் இந்த இரண்டையும் தமிழில் சொன்னபோது, "அப்ப இதைப் பிறகென்னத்துக்கு விடுறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. போரில் ரொக்கெட்டைப் பாவிப்பது எங்கள் மண்ணுக்கும் புதிதல்ல. 1780இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் மைசூர்ப் படை கிழக்கிந்தியக் கம்பனிப் படையைத் தோற்கடித்தபோது இரும்புக் குழாய் ரொக்கெட்டுகள் பறந்தன. பின்னர் ஆங்கிலேயர் அவற்றைக் கொண்டுபோய் ஆராய்ந்து தாங்களும் செய்துகொண்டார்கள். சும்மா மேலே போய் இறங்குவதற்காகவே ஒரு ரொக்கெட் என்பதுதான் வரலாற்றில் புதுசு.

இனிக் குழலின் கணக்குக்கு வருவோம். மோட்டார்களுக்கு ஆங்கில எழுத்துகளால் வகுப்புப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் கணத்தாக்கின் உச்ச எல்லை இரண்டு மடங்காகும். ஏ என்றால் 2.5 நியூற்றன் செக்கன் வரை, பி என்றால் 5, சி என்றால் 10, டி என்றால் 20, ஈ என்றால் 40, எஃப் என்றால் 80, ஜி என்றால் 160. ஈ, எஃப், ஜி ஆகிய மூன்றும்தான் நடுத்தர வலு. அதற்கு மேலே எச்சில் இருந்து உயர் வலு. அதற்குச் சான்றிதழ் எடுக்கவேண்டும், வான்பரப்புக்கு அனுமதியும் வேண்டும். நாங்கள் வாங்கியதன் உறையில் 'எஃப்50-6' என்று எழுதியிருந்தது. எஃப் என்பது வகுப்பு. 50 என்பது சராசரி உந்துவிசை, நியூற்றனில். 6 என்பது உந்துபொருள் எரிந்து முடிந்த பிறகு எத்தனை செக்கன் காத்திருந்து பரசூட்டைத் தள்ளும் சிறு மருந்து பற்றும் என்பது. இந்தக் கடைசி இலக்கத்தைத்தான் நான் அம்மாவுக்கு மனப்பாடமாக்கினேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

சிறிய மோட்டார்களில் இருப்பது கறுப்பு வெடிமருந்து. நடுத்தர வலுவில் பெரும்பாலும் அமோனியம் பெர்குளோரேற்றை ரப்பர் போன்ற ஒரு பிணைப்பானில் கலந்து இறுக்கிய கலவை. விண்ணோடங்களின் பக்கவாட்டுப் பூஸ்ரர்களில் எரிந்ததும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கறுத்தப் புகை, வெள்ளைப் புகை, நீலச் சுவாலை என்று கலவைக்கேற்ப வகைகள் விற்கிறார்கள். கறுத்தப் புகை விடுவது வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். மகள் ஏன் என்று கேட்கவில்லை. இவற்றை வாங்குவதற்கு வயதுக் கட்டுப்பாடு உண்டு. விமானத்தில் கொண்டுபோகவோ சாதாரணத் தபாலில் அனுப்பவோ முடியாது.

ரொக்கெட் பெட்டியைத் திறந்தால் உள்ளே பெரிதாக எதுவும் இல்லை. ஏறத்தாழ 66 மில்லிமீற்றர் விட்டமுள்ள தடித்த மட்டைக் குழாய், பிளாஸ்ரிக் மூக்குக் கூம்பு, 3 மில்லிமீற்றர்ப் பிளைவூட்டில் வெட்டிய மூன்று செட்டைகள், 29 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறிய உட்குழாய், அதை நடுவில் பிடித்துவைக்கும் மர வளையங்கள், இழுபடும் நாடா, நைலோன் பரசூட். இதில் முக்கியமானது அந்த உட்குழாய்தான். மோட்டார் அதற்குள் இருந்துதான் முழு ரொக்கெட்டையும் தள்ளும். வளையங்கள் உட்குழாயில் சரியாக ஒட்டாவிட்டால் மோட்டார் மட்டும் உடலைக் கிழித்துக்கொண்டு மேலே போய்விடும்.

பசையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பலர் எல்லாவற்றுக்கும் இப்பொக்சி பூசுகிறார்கள். மட்டையும் மரமும் சேருமிடத்தில் தச்சர்கள் பாவிக்கும் மரப்பசையே போதும். அது மட்டையின் நாருக்குள் ஊறி இறுகும். இழுத்துப் பார்த்தால் ஒட்டு விடாது, மட்டைதான் கிழியும். இப்பொக்சியைச் சூடு படும் பின்பக்கத்துக்கும், மோட்டாரைப் பிடித்து வைக்கும் மூடிக்கும் வைத்துக்கொள்ளலாம். அதைக் கூடப் பூசினால் வால்பக்கம் பாரமாகும். வால் பாரமானால் என்ன நடக்கும் என்பது கீழே வருகிறது.

செட்டைகளுக்கு அதிக நேரம் கொடுக்கவேண்டும். நடுத்தர வலுவில் செட்டையை உடலின் மேற்பரப்பில் மட்டும் ஒட்டினால் போதாது. உடலில் வெட்டிய நீளத் துவாரத்தினூடாக அதன் அடி உள்ளே போய், உட்குழாயில் முட்டி ஒட்டவேண்டும். மூன்றும் 120 பாகையில் நிற்கவேண்டும். ஒவ்வொன்றும் குழாயின் நீளத்துக்கு நேராக இருக்கவேண்டும். குழாயில் நேர்கோடு போடுவதற்கு மகள் கண்ட வழி, கதவு நிலையின் மூலையில் குழாயைச் சாத்தி வைத்துப் பென்சிலால் இழுப்பது. அதைவிடத் திறமான அளவுகோல் வீட்டில் இல்லை. ஒரு செட்டை ஒட்டிக் காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் சரியும். பிறகு செட்டையும் உடலும் சேரும் மூலையில் விரலால் பசையை வழித்து வளைவாக்கவேண்டும். இது அழகுக்கு மட்டுமல்ல. மூலையில் சேரும் விசையை அது பரவச் செய்கிறது.

பரசூட் வேலை அம்மாவின் கைக்குப் போனது. கயிறுகள் துணியில் சேருமிடம் சும்மா முடிச்சுத்தான் போட்டிருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "இது பொறுக்காது" என்று சொல்லி எட்டு இடத்திலும் துண்டு வைத்துத் தைத்தார். வன்னியில் அவர் தையல் மெசினில் பிழைத்தவர். எதற்கென்று முழுதாக ஒப்புக்கொள்ளாமலே தைத்தார் என்பதையும் சொல்லவேண்டும். பரசூட்டை மடித்துக் குழாயில் வைக்கும் முன்னர், தள்ளுமருந்தின் சூடு நைலோனில் படாமல் இருக்க எரியாத துணியொன்றால் சுற்றவேண்டும். மடிப்பு இறுகினால் விரியாது. தளர்ந்தால் குழாயில் சிக்கும்.

இது ஏன் நேராகப் பறக்கிறது? யாழ்ப்பாணத்தில் பட்டம் ஏற்றிய எவருக்கும் இதன் பாதி விளங்கும். முச்சையைச் சரியான இடத்தில் கட்டாவிட்டால் பட்டம் சுழன்றடித்துக் குத்தும். வால் குறைந்தாலும் குத்தும். ரொக்கெட்டில் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. ஒன்று புவியீர்ப்பு மையம். ரொக்கெட்டை விரல்மேல் வைத்தால் சமநிலையில் நிற்கும் இடம். மற்றது அமுக்க மையம். பக்கத்தில் இருந்து அடிக்கும் காற்றின் தள்ளல் முழுவதும் திரண்டு செயற்படுவதாகக் கொள்ளும் இடம். பறக்கும் ரொக்கெட் சற்றுச் சரிந்தால் அது புவியீர்ப்பு மையத்தைச் சுற்றித்தான் திரும்பும். அமுக்க மையம் அதற்குப் பின்னால் இருந்தால் காற்று வாலைத் தள்ளி மூக்கை மறுபடி நேராக்கும். முன்னால் இருந்தால் அதே காற்று சரிவைக் கூட்டும். ரொக்கெட் தலைகீழாகச் சுழலும், எங்கே போகும் என்று எவராலும் சொல்லமுடியாது. செட்டைகளின் வேலை அமுக்க மையத்தைப் பின்னுக்கு இழுப்பது. கோயில் திருவிழாவில் விடும் ஈர்க்கு வாணத்தில் அந்த ஈர்க்கு செய்வதும் இதே வேலைதான். ஈர்க்கை முறித்துவிட்டு வாணத்தைக் கொளுத்தினால் சனத்துக்குள் பாயும் என்பதை எங்கள் ஊர்ப் பொடியள் விஞ்ஞானம் படிக்காமலே அறிவார்கள்.

இரண்டு மையங்களுக்கும் இடையே ஆகக் குறைந்தது உடலின் ஒரு விட்டமளவு தூரம் இருக்கவேண்டும் என்பது பொது விதி. எங்களுடையதில் 66 மில்லிமீற்றர். அமுக்க மையத்தைக் கணக்கிடும் சமன்பாடுகளை 1960களில் ஜேம்ஸ் பாரோமன் என்ற நாசாப் பொறியியலாளர் பொழுதுபோக்குக்காரர்களும் பாவிக்கக்கூடிய விதத்தில் எளிமையாக்கிக் கொடுத்தார். இப்போது ஓப்பின் ரொக்கெட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பின்லாந்து மாணவர் ஒருவர் தன் முதுநிலைப் பட்ட ஆய்வுக்காகச் செய்தது. அளவுகளையும் நிறைகளையும் கொடுத்தால் இரு மையங்களையும், எவ்வளவு உயரம் போகும் என்பதையும் சொல்லிவிடும். எங்கள் ரொக்கெட் மோட்டாரோடு 800 கிராம். மென்பொருள் சொன்ன உயரம் ஏறத்தாழ 240 மீற்றர்.

800 கிராம் என்றால் எடை ஏறத்தாழ 8 நியூற்றன். சராசரி உந்துவிசை எடையின் ஐந்து மடங்காவது இருக்கவேண்டும். 50 நியூற்றன் ஆறு மடங்குக்குச் சற்று மேல், போதும். ஏன் ஐந்து மடங்கு? செட்டைகள் வேலைசெய்வதற்குக் காற்று அவற்றின்மேல் வேகமாக ஓடவேண்டும். ஏவு சட்டத்தை விட்டு வெளியேறும்போது செக்கனுக்கு 13 மீற்றரளவு வேகம் இல்லையென்றால் செட்டை இருந்தும் பலன் இல்லை. அதுவரை அதை நேராகப் பிடிப்பது அந்த அலுமினியச் சட்டம்தான்.

இனி அம்மாவின் கேள்வி. செல்லுக்குள் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வி ஒரு பழக்கம். தூரத்தில் செல் குத்துற சத்தம் கேட்டால் எண்ணத் தொடங்குவோம். எண்ணி முடிவதற்குள் பங்கருக்குள் போகவேண்டும். எங்கே விழும் என்று கேட்பவர் பயந்தவர் மட்டுமல்ல. தப்பி வாழ்ந்தவரும் அவர்தான். அதற்கு 'பயப்படாதேங்கோ அம்மா' என்பது பதிலாகாது. கணக்கைத்தான் சொல்லவேண்டும். நான் ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினேன்.

ரொக்கெட் 240 மீற்றரில் உச்சிக்குப் போகிறது. அங்கே பரசூட் விரிகிறது. 90 சென்ரிமீற்றர்ப் பரசூட்டில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 5 மீற்றர் வேகத்தில் இறங்கும். அப்படியானால் 48 செக்கன் காற்றில் நிற்கும். காற்று மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் வீசினால் செக்கனுக்கு 4 மீற்றருக்குச் சற்று மேல். 48 செக்கனில் 200 மீற்றர் தள்ளிக்கொண்டு போகும். எனவே ஏவிய இடத்தில் இருந்து காற்றுப் போகும் பக்கமாக 200 மீற்றரில் விழும். பரசூட்டை 60 சென்ரிமீற்றராகக் குறைத்தால் இறங்கும் வேகம் செக்கனுக்கு ஏழு மீற்றருக்கு மேலாகும். ஏறத்தாழ 32 செக்கனில் நிலத்துக்கு வரும். தள்ளல் 135 மீற்றரளவு. ஆனால் நிலத்தில் பலமாக மோதும். புல்லென்றால் தாங்கும், இறுகிய மண்ணென்றால் செட்டை முறியும். ஏவிய உடனே ரொக்கெட் காற்று வரும் பக்கமாகக் கொஞ்சம் சாயும் என்பதையும் சேர்க்கவேண்டும். செட்டைகளில் காற்றுப்பட்டு மூக்கு எதிர்க்காற்றை நோக்கித் திரும்புகிறது. அதனால் முதலில் எதிர்ப்பக்கம் போய், பிறகு பரசூட்டில் தள்ளுண்டு வரும். இரண்டும் ஓரளவுக்கு ஒன்றையொன்று சரிக்கட்டும். இந்த வகுப்புக்குக் குறைந்தது 300 மீற்றர் அகலமான வெளி வேண்டும் என்று சங்கத்தின் விதி சொல்வதன் காரணமும் இந்தக் கணக்குத்தான். காற்று மணிக்கு 32 கிலோமீற்றருக்கு மேலென்றால் ஏவவே கூடாது. முகிலுக்குள் ஏவுவதைக் கனடாச் சட்டமே தடுக்கிறது.

அம்மா கடதாசியைப் பார்த்துவிட்டு, "காத்து மாறினால்?" என்றார். காற்று மாறினால் அன்று ஏவமாட்டோம் என்றேன். அது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். நானும் வாறன் என்று அடுத்த நாள் அவராகவே சொன்னார்.

ஏவியது ரொரன்ரோவில் இருந்து ஒன்றரை மணித்தியாலக் கார் ஓட்டத்தில், அறுவடை முடிந்த ஒரு வயலில். கழகங்கள் நடத்தும் ஏவல் நாட்களுக்குப் போவதே நல்லது. அங்கே பாதுகாப்பு அலுவலர் ஒருவர் ஒவ்வொரு ரொக்கெட்டையும் கையில் எடுத்து, செட்டையை ஆட்டிப் பார்த்து, சமநிலைப் புள்ளியைக் கேட்டு, மோட்டாரின் இலக்கத்தை வாசித்த பிறகே விடுவார். மூக்குக் கூம்பு எவ்வளவு இறுக்கம் என்று இழுத்தும் பார்ப்பார். தலைகீழாகப் பிடித்தால் தானாக விழக்கூடாது, கையால் இழுத்தால் இலகுவாக வரவேண்டும்.

மோட்டாரைப் பற்றவைப்பது மின்சாரத்தால்தான், திரி கிடையாது. மெல்லிய கம்பி நுனியில் மருந்து தடவிய தீமூட்டி ஒன்றை மோட்டாரின் துவாரத்தினூடாக உச்சிவரை செருகி, 12 வோல்ற் மின்கலத்தில் இருந்து நீளமான வயர் இழுத்து, திறப்புப் போட்டால் மட்டுமே வேலைசெய்யும் சுவிச்சில் அழுத்துகிறார்கள். ஏவுபவர் 9 மீற்றருக்கு அப்பால் நிற்கவேண்டும். பற்றாவிட்டால் திறப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் எவரும் கிட்டப் போகக்கூடாது. சத்தமாக எண்ணிவிட்டுத்தான் ஏவவேண்டும் என்பதும் விதி.

அம்மாவுக்குச் சத்தத்தின் முழு ஒழுங்கையும் முன்னரே சொல்லியிருந்தேன். ஐந்தில் இருந்து கீழே எண்ணுவார்கள். பிறகு ஒன்றரைச் செக்கன் பலமாகச் சீறும். அதன் பிறகு ஆறு செக்கன் ஒன்றும் கேட்காது. அந்த அமைதிதான் எங்கள் ஆட்களுக்குக் கடினமானது. செல் விழுவதற்கு முன்னரும் அப்படி ஒரு அமைதி இருந்தது. ஆறாவது செக்கனில் மேலே சின்னதாக 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அது குடை விரிகிற சத்தம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அதனால்தான் அந்த 6 என்ற இலக்கத்தை அவருக்கு மனப்பாடமாக்கினேன்.

அவர் காருக்குப் பக்கத்தில், ஒரு கையைக் கார்க் கூரையில் வைத்தபடி நின்றார். சீறல் தொடங்கியபோது தலை தானாகக் குனிந்தது, எனக்கும் குனிந்தது. பிறகு அவர் வாய்விட்டு எண்ணுவது கேட்டது. ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் 'டப்' வந்தது. செம்மஞ்சள் துணி விரிந்தது. "தையல் நிக்குது" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

விழுந்த இடத்துக்கு மகள் ஓடினாள். அந்த ஓட்டத்தைப் பார்ப்பது எனக்கு இலகுவாக இருக்கவில்லை. சமாதான காலத்தில், அவளுடைய வயதில், எங்கள் பள்ளிக்கூடத்தில் படங்களைத் தூக்கிப் பிடித்துச் சொல்லித் தந்தது இதற்கு நேர்மாறானது: விழுந்து கிடப்பது எதுவென்றாலும் தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவரிடம் சொல். இந்தப் பொழுதுபோக்கிலும் அதன் ஒரு துளி இருக்கிறது. பரசூட் விரியாமல் குத்தி விழுந்தால் பாதுகாப்பு அலுவலர் சொல்லும்வரை போகக்கூடாது. மின்கம்பியில் தொங்கினால் விட்டுவிடவேண்டும். இறங்கி வருவதைக் கையால் பிடிக்கவும் கூடாது. அன்று ரொக்கெட் 150 மீற்றரளவில் அறுத்த தாள்களுக்கு நடுவே கிடந்தது. ஒரு செட்டையின் நுனியில் வர்ணம் உரிந்திருந்ததைத் தவிரப் பழுதில்லை. அதே ரொக்கெட்டை அன்றே இன்னொரு மோட்டார் போட்டு ஏவினார்கள். இரண்டாவது தரம் அம்மா காருக்குள் இருந்தே பார்த்தார்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் நான் சொல்லக்கூடியது: சொல்லாமல் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். முதலில் ஒரு காணொளியைச் சத்தம் குறைத்துக் காட்டுங்கள். எத்தனை செக்கன், எந்தப் பக்கம், என்ன சத்தம் என்று சொல்லுங்கள். காது மூடியைக் கையில் கொடுங்கள். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். விக்ரோறியா தினத்திலும் கனடா தினத்திலும் அயலில் வெடிக்கும் வாணங்கள் இதைவிட மோசம். எப்போது, எங்கே என்று எவரும் சொல்வதில்லை. உயர் வலு ரொக்கெட்டுகளும் ஏவப்படும் நாட்களுக்கு முதன்முறையாக அவர்களைக் கூட்டிப்போவது நல்லதல்ல; அவற்றின் இரைச்சல் வேறு.

இதை வாசிக்கும் ஊரில் உள்ளவர்களுக்கு ஒன்று. இந்த மோட்டார்கள் வெடிபொருட்கள் பற்றிய சட்டங்களுக்குள் வருபவை. பொதியில் அனுப்பச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம், வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பவும் வேண்டாம். பட்டாசு மருந்தைச் சேர்த்து வீட்டில் செய்து பார்க்கும் எண்ணம் அதைவிட ஆபத்து. அமெரிக்கப் பையன்களின் விரல்கள் போனது அப்படித்தான். வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத இடங்களும் இருக்கின்றன. மேலே விட்டதைத் தேடி எந்தக் காணிக்குள்ளும் இறங்கலாம் என்ற நிலை எல்லா இடத்திலும் இல்லை.

ஆனால் பிள்ளைகள் நீர் ரொக்கெட் செய்யலாம். மொறட்டுவையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவகம் பாடசாலை மாணவர்களுக்கு அந்தப் போட்டிகளை நடத்தியிருக்கிறது. ஒன்றரை லீற்றர்ச் சோடாப் போத்தல் ஒன்று; பழைய, கீறல் விழுந்த போத்தல் கூடாது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். வாயில் இறுக்கமான ரப்பர் அடைப்பான், அதனூடாகச் சைக்கிள் ரியூப் வால்வு, அதில் சைக்கிள் பம். காற்றை அடித்தால் ஒரு கட்டத்தில் அடைப்பான் கழன்று தண்ணீர் கீழே பாயும், போத்தல் மேலே போகும். செட்டைகளை மட்டையில் வெட்டி ரேப்பால் ஒட்டுங்கள். சூட்டுப் பசை போத்தலைப் பலவீனமாக்கும். பம்பில் அளவுகாட்டி இருந்தால் 60 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகவேண்டாம். நீளமான குழாய் பூட்டித் தூர நின்றே அடியுங்கள், போத்தலுக்கு நேர்மேலே ஒருபோதும் குனியவேண்டாம். மூக்கில் ஒரு கைப்பிடி களிமண் வைத்தால் புவியீர்ப்பு மையம் முன்னுக்குப் போகும், அதே கணக்குத்தான். விளையாட்டு மைதானத்தில், காற்றுக் குறைந்த காலை நேரத்தில் விடுங்கள். காற்று எந்தப் பக்கம் என்று முதலில் ஒரு பிடி காய்ந்த புல்லை எறிந்து பாருங்கள்.